செம்புத் தகட்டில் ஒரு காட்டுப்பூ

பழைய தாவரப் படங்களை முதன்முதலாகப் பார்ப்பவர்களை ஒரு விஷயம் திகைக்க வைக்கும். சில படங்களில் இலைகள் நீலமாக இருக்கும். இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் லண்டனிலோ பாரிஸிலோ செப்புத் தகட்டிலிருந்து அச்சாகி, தாள் தாளாகக் கையால் வண்ணம் தீட்டப்பட்ட காட்டுப்பூப் படங்களைச் சொல்கிறேன். இலை நரம்பு, தண்டிலுள்ள சுணை, காயின் முள் எல்லாம் துல்லியமாக இருக்கும். இலையின் நிறம் மட்டும் பச்சையிலிருந்து நழுவி நீலத்துக்குப் போயிருக்கும். வண்ணம் தீட்டியவர் பூசியது பச்சைதான். அந்தப் பச்சைக்குள் இருந்த மஞ்சள்தான் காணாமல் போய்விட்டது.

அந்தக் காலத்தில் தாளுக்கு ஏற்ற நல்ல பச்சை கிடைப்பது அரிது. செம்பில் காடி பட்டு உண்டாகும் வெர்டிகிரிஸ் என்ற பச்சை இருந்தது. ஆனால் அது நாளடைவில் பழுப்பாகும்; தாளையும் அரித்து, பின்பக்கம் வரை கறையை இறக்கும். அதனால் நீலத்தையும் மஞ்சளையும் கலந்தே பெரும்பாலும் பச்சையை உண்டாக்கினார்கள். நீலத்துக்கு அவுரி, அல்லது 1700களின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட பிரஷ்யன் நீலம் என்ற இரும்புச் சேர்மம். மஞ்சளுக்குக் காம்போஜ்.

இந்தக் காம்போஜ் நம் பக்கத்துச் சரக்கு. கம்போடியா, தாய்லாந்துக் காடுகளில் வளரும் கார்சீனியா இன மரத்தின் பால் அது. பட்டையைச் சுற்றிச் சுருளாகக் கீறிவிடுவார்கள். கீறல் வழியே மஞ்சள் பால் மெல்ல ஒழுகி மூங்கில் குழாயில் இறங்கும். அது இறுகியதும் குழாயை நீக்கிவிட்டு உள்ளே இருக்கும் மஞ்சள் கட்டியை விற்பார்கள். மலேசியாவின் பேரா மாநிலத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவிய குடும்பத்தில் பிறந்த யாருக்கும் இதை விளக்கவே வேண்டாம். அதே சரிவான கீறல், அதே பொறுமை. பால் பிடிக்கும் மங்கு இருக்க வேண்டிய இடத்தில் மூங்கில், அவ்வளவுதான். நம் ஊர்ச் சந்தையில் விற்கும் மங்குஸ்தீனும் இந்தக் கார்சீனியா இனமே. அதன் தோலை நகத்தால் கீறினால் கசியும் மஞ்சள் பிசினை எல்லோரும் பார்த்திருக்கலாம். லண்டன் ஓவியரின் வண்ணப்பெட்டியில் இருந்தது அந்தப் பிசினுக்கு உறவு.

காம்போஜின் மஞ்சள் ஒரு கரிமச் சேர்மம். அதன் மூலக்கூறுகளில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் சங்கிலி இருக்கிறது. நீல ஒளியை விழுங்கி மஞ்சளைத் திருப்பி அனுப்புவது அந்தச் சங்கிலிதான். வெளிச்சம், அதிலும் புற ஊதாக்கதிர், வருஷக்கணக்கில் அதன்மேல் பட்டுக்கொண்டே இருந்தால் சங்கிலி அறுந்து நிறம் போய்விடும். பிரஷ்யன் நீலம் அத்தனை எளிதில் மசியாது. வெளிச்சத்தில் அது கொஞ்சம் வெளிறினாலும், இருட்டில் காற்றுப்பட வைத்தால் ஆக்சிஜனால் பழைய நிறத்துக்கு ஓரளவு திரும்பும் குணம் உடையது. மஞ்சள் போய் நீலம் தங்கும்; இலை நீலமாகும். சில படங்களில் வெள்ளைப் பூக்கள் கறுத்துப்போயிருப்பதற்கும் இதுபோல் ஒரு வேதியியல் காரணம் உண்டு. அங்கே பூசப்பட்டது ஈய வெள்ளை. காற்றிலுள்ள கந்தக வாயு பட்டதும் அது கரிய ஈய சல்ஃபைடாகிவிடுகிறது.

இதனால்தான் இந்தப் படங்களைப் பார்க்கும்போது நிறத்தை இரண்டாவதாகவும் கோட்டை முதலாவதாகவும் நம்ப வேண்டும் என்கிறேன். நிறம் கண்ணை இழுக்கிறது. அறிவு இருப்பது கோட்டில். அந்தக் கோடு எப்படி உண்டானது என்று தெரிந்தால் இது இன்னும் விளங்கும்.

நன்றாக மெருகேற்றிய செப்புத் தகடு ஒன்றை எடுத்து, ஓவியத்தை இடவலம் மாற்றி அதன்மேல் படியெடுப்பார்கள். பிறகு பியூரின் என்ற சிறிய எஃகு உளியால் கோடு கோடாகச் செதுக்குவார்கள். உளியை உள்ளங்கையால் தள்ளுவதால், கோடு மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடியும் ஊசிபோல் முடியும். தகடு முழுவதும் மை பூசித் துணியால் துடைத்தால் பள்ளத்தில் உள்ள மை மட்டும் தங்கும். ஈரப்படுத்திய தாளை அதன்மேல் வைத்து இரும்பு உருளைகளுக்கு இடையே அழுத்தி இழுக்கும்போது, தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையைக் கவ்விக்கொண்டு வரும். அந்த அழுத்தத்தில் தகட்டின் விளிம்பு தாளில் ஒரு பள்ளச் சட்டமாகப் பதியும். இரு நூற்றாண்டு கழித்தும் விரல் நுனியால் தடவினால் அது தட்டுப்படும்.

செம்பு மென்மையான உலோகம். ஒவ்வோர் அச்சுக்கும் தகடு சிறிது தேயும். முதல் சில நூறு படிகளில் இருக்கும் கூர்மை பின்னால் வரும் படிகளில் இருக்காது. ஒரே ஆண்டில் ஒரே புத்தகத்துக்காக அச்சான இரண்டு படிகளில்கூட ஒன்றில் சுணை தெரியும், மற்றதில் தெரியாது. தாவரவியலில் சுணை சின்ன விஷயமல்ல. இரண்டு இனங்களைப் பிரிப்பதே சில சமயம் அந்தச் சுணைதான்.

அச்சு காய்ந்த பிறகு தாள்கள் வண்ணம் தீட்டுபவர்களிடம் போகும். முன்மாதிரியாக வண்ணமிட்ட தாள் ஒன்று நடுவில் இருக்கும். அதைப் பார்த்து மற்றவர்கள் பூசுவார்கள். கருவேல இனப் பிசினைக் கலந்து நீர்வண்ணத்தைத் தாளில் ஒட்டவைப்பார்கள். தாவரவியலாளர் வில்லியம் கர்ட்டிஸ் 1787இல் லண்டனில் தொடங்கிய பொட்டானிக்கல் மேகசினின் படங்களுக்கு இப்படி முப்பது பேர் வரை வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். அந்த இதழ் 1948 வரை கையால் வண்ணமிடுவதை விடவில்லை. நூற்றுக்கணக்கான தாள்களில் ஒரே ஊதாவை ஒரே அளவில் தொட்டுவைத்த அந்தக் கைகளுக்குச் சொந்தமான பெயர்களைப் புத்தகங்கள் அச்சிடவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம் தருகிறது.

கர்ட்டிஸ் அந்த இதழைத் தொடங்கிய காரணத்தை நம் ஊர்க்காரர்கள் அறிய வேண்டும். அதற்கு முன்பே 1777இல் அவர் ஃபுளோரா லோண்டினென்சிஸ் என்ற பெரிய நூலை வெளியிடத் தொடங்கியிருந்தார். லண்டனைச் சுற்றிப் பத்து மைலுக்குள் தானாக முளைக்கும் செடிகளை, களைகள் உட்பட, முடிந்தவரை அதே அளவில் வரைந்து, செதுக்கி, வண்ணமிட்டுத் தரும் திட்டம். அறிவியலுக்கு அருமையான வேலை. பணம் கொடுத்து வாங்க ஆள்தான் போதவில்லை. வாய்க்கால் ஓரத்துச் செடியை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்? வாங்கும் சக்தி உள்ளவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்த தோட்டப்பூக்களையே விரும்பினார்கள். கர்ட்டிஸ் அவர்களுக்காக மேகசினை நடத்தினார். அது கைகொடுத்தது. ஆனால் அவர் செய்ததில் பெரிய காரியம் நஷ்டப்பட்ட முதல் நூல்தான் என்பது என் தீர்ப்பு.

கேமரா வந்த பிறகும் தாவரவியலில் ஓவியம் ஏன் ஒழியவில்லை? பேராவில் நம் சிலிம் ரிவரில் ரயில் பாதை ஓரமும், செம்பனைத் தோட்டத்து விளிம்பும், வெட்டிவிட்ட மேட்டு நிலமும் எங்கும் நிறைந்திருக்கும் ஒரு செடியைக் கொண்டே இதைப் பார்க்கலாம். மலாய்க்காரர்கள் செண்டுடுக் என்பார்கள். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஐந்து இதழ்ப் பூ. காய் பழுத்து வெடித்தால் கருநீலச் சதை. தின்ற பிள்ளைகளின் நாக்கு கறுத்துப்போகும். இலையைத் திருப்பினால் அடியிலிருந்து நுனிவரை வில்போல் வளைந்து ஓடும் முதன்மை நரம்புகள் தெரியும். இந்த நரம்பமைப்பே மெலாஸ்டோமா குடும்பத்தின் அடையாளம். புளிப்பான, அலுமினியம் மிகுந்த மண்ணில் மற்றச் செடிகள் திணறும்போது, இது அந்த அலுமினியத்தையே உறிஞ்சி இலையில் சேர்த்து வைத்துக்கொண்டு தழைக்கிறது.

பூவின் நடுவே பாருங்கள். பத்து மகரந்தத்தாள்கள். அவை ஒரே மாதிரி இருக்காது. ஐந்து குட்டை, மஞ்சள் நிறம், கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும். மற்ற ஐந்து நீண்டு, முழங்கை மடிந்ததுபோல் வளைந்து, ஊதா நிறத்தில் இதழோடு இதழாக மறைந்து நிற்கும். கைபேசியில் படமெடுத்தால் மஞ்சள் மட்டும் பளிச்சென்று விழும். ஊதா இதழில் கரைந்துவிடும். தாவர ஓவியரின் படத்தில் அப்படி நடக்காது. அவர் பூவை முழுதாக ஒருமுறை வரைவார். பிறகு இதழைக் களைந்துவிட்டு இரண்டு வகைத் தாள்களையும் தனித்தனியே பெரிதாக்கி வரைவார். பக்கத்தில் சூலகத்தை நெடுக்காகவும் குறுக்காகவும் வெட்டி வரைவார். ஒரே தாளில் மொட்டும் பூவும் காயும் விதையும் சேர்ந்திருக்கும். இயற்கையில் அவை ஒரே நாளில் ஒரே கிளையில் ஒன்றாகக் கிடைக்க வேண்டும் என்பதில்லை. படம் ஒரு செடியின் ஒரு நாளைக் காட்டுவதில்லை. பல செடிகளைப் பல நாள் பார்த்ததன் சாரத்தைக் காட்டுகிறது.

அந்த இரண்டு வகை மகரந்தத்தாள் டார்வினையே பல ஆண்டுகள் அலைக்கழித்தது. மெலாஸ்டோமா குடும்பப் பூக்களை வைத்துச் சோதனைமேல் சோதனை செய்தும் அவருக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. பிரேசிலில் வாழ்ந்த ஃபிரிட்ஸ் முல்லரும் அவருடைய தம்பி ஹெர்மன் முல்லரும் 1880களில் ஒரு விளக்கம் தந்தார்கள்: மஞ்சள் தாள்கள் வண்டுக்கும் தேனீக்கும் உணவு, மறைந்திருக்கும் தாள்களின் மகரந்தம் அடுத்த பூவுக்குப் போக வேண்டியது. தேனீ மஞ்சளைப் பிடித்துத் தின்றுகொண்டிருக்கும்போது, நீண்ட தாள் அதன் உடம்பில் எட்டாத பக்கத்தில் மகரந்தத்தைத் தூவிவிடும். அந்த மகரந்தப்பை நெடுக வெடிப்பதில்லை. நுனியில் ஒரு சிறு துளைதான். பெரிய கறுப்புத் தச்சன் தேனீ பூவைக் கட்டிப்பிடித்துத் தசையை அதிரவைத்தால்தான் துளை வழியே மகரந்தம் பீறிடும். காலையில் செண்டுடுக் புதர்ப் பக்கம் நின்றால், தேனீ பறக்கும்போது ஒரு சத்தமும் பூவில் அமர்ந்ததும் அதைவிடக் கீச்சென்ற இன்னொரு சத்தமும் கேட்கும். அந்த இரண்டாவது சத்தம் தேனீ மகரந்தத்தை உதிர்க்கும் அதிர்வின் சத்தம். நல்ல படம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போனால் அந்தத் துளையையும் கண்ணால் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

நிறத்தை எப்படி இத்தனை தூரம் கடத்தினார்கள் என்பது தனிக்கதை. காட்டில் பூ பறித்த இடம் ஒன்று, செதுக்கும் பட்டறை வேறொரு கண்டத்தில். பூ வாடிவிடும். உலர்த்தினால் நிறம் போய்விடும். 1801 முதல் ஆஸ்திரேலியக் கடற்பயணத்தில் சென்ற ஃபெர்டினாண்ட் பவுவர் என்ற ஓவியர் இதற்கு எண்களால் ஒரு வழி கண்டார். பென்சிலால் கோட்டை வரைந்து, ஒவ்வொரு பகுதியிலும் ஓர் எண்ணை எழுதிவைத்தார். ஏறத்தாழ ஆயிரம் நிறச் சாயல்களுக்கு ஆயிரம் எண்கள். வருஷங்கள் கழித்து ஐரோப்பாவில் உட்கார்ந்து அந்த எண்களைப் பார்த்தே வண்ணம் தீட்டினார்.

நம் சோழமண்டலக் கடற்கரையில் இதற்கு வேறு தீர்வு இருந்தது. உள்ளூர் ஓவியரே பூவைப் பார்த்து முழு வண்ணத்தில் வரைந்துவிடுவார், ஓவியமே கப்பலேறும். 1776இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பர்க், 1781 முதல் கோதாவரிப் பகுதியில் சாமல்கோட்டையில் தோட்டம் வைத்து, இந்திய ஓவியர்களை அமர்த்திச் செடிகளை வரைய வைத்தார். அவர் அனுப்பிய படங்களிலிருந்து லண்டன் தாவரவியலாளர் ஜோசப் பேங்ஸ் முந்நூற்றைத் தேர்ந்தெடுத்தார். அவை லண்டனில் செம்பில் செதுக்கப்பட்டு, கையால் வண்ணமிடப்பட்டு, 1795க்கும் 1820க்கும் இடையே மூன்று பெரிய தொகுதிகளாக வெளிவந்தன. நூலின் பெயர் பிளான்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் ஆஃப் கோரமண்டல். சோழமண்டலக் கரையின் செடிகள்.

அதன் முதல் தொகுதியிலேயே இம்பூறல் இருக்கிறது. சாயவேர் என்றும் சொல்வோம். மணல் நிலத்தில் தரையோடு படரும், மிகச் சிறிய வெள்ளைப் பூ. யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். வேர்ப்பட்டையில் இருக்கும் சிவப்புச் சாயம் சோழமண்டலத் துணிகளை உலகமெல்லாம் கொண்டுபோனது. ராக்ஸ்பர்க் படத்தோடு சாயமேற்றும் முறையையும் விரிவாக எழுதிவைத்தார். அதே பேரினத்தைச் சேர்ந்த பற்பாடகம் இன்று மலேசியாவின் புல்தரைகளிலும், சிமெண்டுத் தரை வெடிப்புகளிலும் முளைத்துக் கிடக்கிறது. சிலிம் ரிவரில் அதை மிதிக்காமல் நடப்பதே கடினம்.

கோரமண்டல் படங்களுக்கென்று ஓர் அழகு உண்டு. ஐரோப்பிய ஓவியர் நிழல் போட்டு உருண்டையாகக் காட்டுவார். இந்திய ஓவியர் கிளையைத் தாளில் பரத்தி, இலைகள் ஒன்றை ஒன்று மறைக்காமல் பார்த்துக்கொள்வார். முன்பக்கம் தெரியும் இலை ஒன்று, புரண்டு பின்பக்கம் காட்டும் இலை ஒன்று. கோடு அழுத்தமாக இருக்கும். ஐரோப்பியர் சிலர் இதைத் தட்டையான ஓவியம் என்று குறை சொன்னார்கள். செடியை இனம் காண வேண்டியவருக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆனால் அச்சான தாளின் அடியில் தகட்டைச் செதுக்கிய மெக்கென்சி என்பவரின் பெயர் இருக்கும். வரைந்தவர் பெயர் இருக்காது.

ஒரு தலைமுறை கழித்து அது மாறியது. 1819இல் சென்னைக்கு வந்த தாவரவியலாளர் ராபர்ட் வைட் பகட்டான, விலை கூடிய நூல்களை விரும்பவில்லை. செம்புக்குப் பதிலாகக் கல்லச்சைப் பயன்படுத்தி, லண்டனுக்கு அனுப்பாமல் சென்னையிலேயே அச்சிட்டார். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள் அவருக்காக வரைந்தார்கள். ஐகோனஸ் என்ற அவருடைய பெருநூலில் மட்டும் 2101 படங்கள், 1853இல் முடிந்தது. அவற்றில் வண்ணம் இல்லை. ஆனால் நீலகிரித் தாவரங்களைப் பற்றிய நூலிலும் வேறொன்றிலும் கையால் வண்ணமிட்ட படங்கள் உண்டு. படத்தின் மூலையில் ரங்கையா வரைந்தது, கோவிந்து வரைந்தது என்று பெயரும் அச்சாகியிருக்கும். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயியா என்று பெயர் வைத்தார் வைட். பிற்கால வகைப்பாட்டில் அது டிராப்பிடியாவோடு சேர்க்கப்பட்டாலும், பழைய பெயர் பதிவில் நிற்கிறது. அவ்விருவரின் மூல ஓவியங்கள் எடின்பரோ அரசத் தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன.

அறிவியலில் இந்தப் படங்களுக்கு இன்னும் சட்ட மதிப்பு உண்டு. ஒரு செடிக்குப் பெயர் வைத்தால், எந்தச் செடியைச் சொன்னோம் என்பதற்குச் சான்றாக ஒரு மாதிரியைக் குறிப்பிட வேண்டும். வகைமாதிரி என்பார்கள். பெரும்பாலும் அது உலர்த்திய செடி. பழைய பெயர்கள் சிலவற்றுக்கு உலர்செடி இல்லை, படம்தான் வகைமாதிரி. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் உருவாக்கி, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸின் பன்னிரண்டு தொகுதிகளிலிருந்து ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பல செடிகளை எடுத்தாண்டார். சங்குப்பூவும் செங்காந்தளும் அதில் படமாக உள்ளன. அப்படி எடுத்தாண்ட சில இனங்களுக்கு அந்தச் செப்புப் படமே இன்று சான்று. கோடு ஏன் நிறத்தைவிட முக்கியம் என்று சொன்னதற்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை. அந்த நூல் வண்ணமில்லாமல் அச்சானது.

மலாயாவுக்கு இந்தக் கலை வேறு வடிவில் வந்தது. மலாக்காவில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஃபார்குவார் 1803க்கும் 1818க்கும் இடையில் சீன ஓவியர்களைக் கொண்டு வரைவித்த 477 நீர்வண்ணப் படங்கள் சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அவை செம்புக்குப் போகவில்லை. பேராவின் காடுகளைத் தாவரவியலாளர்கள் முறையாகத் தேடத் தொடங்கியதோ 1880களில். கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்காகச் செடி சேகரித்த ஹெர்மன் குன்ஸ்லர், பேரா அரசுக்காகச் சேகரித்த இத்தாலியப் பாதிரியார் ஸ்கோர்டெச்சினி, தைப்பிங் அருங்காட்சியகத்தின் லியோனார்ட் ரே ஆகியோர் அனுப்பிய உலர்செடிகள் கல்கத்தாவில் குவிந்தன. ஸ்கோர்டெச்சினி 1886இல் கல்கத்தாவிலேயே இறந்தார். பேரா சாலையோரங்களில் அடர்ந்து நிற்கும் செமந்தான் மூங்கிலின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இருக்கிறது. அதற்குள் செப்புத்தகட்டுக் காலம் முடிந்துவிட்டது. கல்லச்சு, அதுவும் பெரும்பாலும் வண்ணமில்லாமல். 1898இல் சிக்கிம் ஆர்க்கிட் நூலுக்கு லெப்சா இளைஞர்களைப் பழக்கிக் கையால் வண்ணமிட வைத்ததுபோன்ற முயற்சிகள் அரிது. தாவரவியலாளர் ரிட்லி 1922 முதல் 1925 வரை வெளியிட்ட மலாய்த் தீபகற்பத் தாவர நூலின் ஐந்து தொகுதிகளிலும் கறுப்புக் கோட்டுப் படங்களே.

ஆனால் இன்று சிலிம் ரிவரில் காட்டுப்பூ என்று நாம் சொல்லும் பலவற்றுக்குக் கையால் வண்ணமிட்ட பழைய படம் உண்டு, அவை மலாயாவுக்கு உரியவையே அல்ல என்பதால். தொட்டாற்சிணுங்கி, உண்ணிச்செடி, சிறுபூனைக்காலி மூன்றும் அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடிகள். ரப்பரைப்போல, நம் முன்னோரைப்போலக் கப்பலில் வந்தவை. உண்ணிச்செடியை ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் அழகுக்காக வளர்த்து, கலப்பினம் செய்து, பிறகு வெப்பநாடுகளுக்கு அனுப்பினார்கள். அந்தக் காலப் படங்களில் எந்த நிறப் பூ எந்த ஆண்டில் தோட்டத்தில் இருந்தது என்ற குறிப்பு கிடைக்கிறது. களையாகப் பரவிய செடியின் வரலாற்றைத் தேடுவோருக்கு அது உதவும். அந்தப் பூங்கொத்தில் நடுவே மஞ்சளும் ஓரத்தில் சிவப்பும் இருப்பதை ஓவியர்கள் தவறாமல் காட்டினார்கள். புதிதாக மலர்ந்தது மஞ்சள், வயதானது சிவப்பு. வண்ணத்துப்பூச்சி மஞ்சளையே நாடும்; பழைய பூ கொத்தைப் பெரிதாகக் காட்டித் தொலைவிலிருந்து அழைக்க மட்டும் உதவுகிறது.

ஈப்போவிலோ பினாங்கிலோ பழம்பொருள் கடையில் இப்படியொரு தாள் கண்ணில் பட்டால் எப்படி அறிவது? பூதக்கண்ணாடி ஒன்று போதும். இன்றைய அச்சு என்றால் நிறம் புள்ளிப் புள்ளியாகப் பிரியும். கையால் பூசியதில் புள்ளி இருக்காது. நீர்வண்ணம் ஓரத்தில் தேங்கிக் காய்ந்த கரை தெரியும், சில இடத்தில் தூரிகை கோட்டைத் தாண்டியிருக்கும். செதுக்கிய கோடு என்றால் நுனி கூராக முடியும். கல்லச்சு என்றால் கோடு பொடிப்பொடியாக இருக்கும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீர்க்குறி தெரியலாம். வாட்மன் போன்ற ஆங்கிலத் தாள்களில் ஆண்டுகூட இருக்கும். ஒன்று மட்டும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும்: தனித்தாளாக விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி, முழுப் புத்தகத்தைப் பிரித்து எடுத்தவை. படம் ஒரு வீட்டுக்கும் அதன் விளக்கவுரை குப்பைக்கும் போகிறது. அறிவியல் நூலுக்கு இதைவிடக் கேடு இல்லை.

வாங்கி வைத்திருப்பவர்கள் வெளிச்சத்தைக் கவனிக்க வேண்டும். அருங்காட்சியகங்கள் நீர்வண்ணப் படத்துக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் வெளிச்சமே விடுகின்றன. நம் ஊர் உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் காம்போஜ் மஞ்சளுக்கு நாம் நாள் குறித்துவிட்டோம் என்று அர்த்தம். ஈரம் அதற்கடுத்த எதிரி. பேராவின் காற்றில் பூஞ்சணம் பழுப்புப் புள்ளிகளாகத் தாளில் இறங்கும். சுவரில் நகலை மாட்டி, மூலத்தை அமிலமில்லாத அட்டைக்குள் வைத்து, காற்றோட்டமான இருட்டில் படுக்கையாக வைப்பதே நல்லது.

இதையெல்லாம் எழுதக் காரணம் பழம்பொருள் ஆசை மட்டுமல்ல. கர்ட்டிஸ் தன் ஊரைச் சுற்றிப் பத்து மைலுக்குள் முளைத்ததை வரைய நினைத்தார். சிலிம் ரிவரைச் சுற்றியும் பத்து மைல் இருக்கிறது. அதற்குள் பழைய ரப்பர்க் காடு, செம்பனை, ஆற்றோரம், ரயில் பாதை, மலையடிவாரம் எல்லாம் அடங்கும். களைக்கு மருந்தடிப்பதால் நாளுக்கு நாள் ஓரச்செடிகள் கருகுகின்றன. தோட்ட லயத்துப் பாட்டிகள் எந்தச் செடியை எதற்குப் பறித்தார்கள், எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பதும் அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு ஒரு செண்டுடுக் கிளையைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். முதலில் பென்சில் கோடு மட்டும். இதழ் எத்தனை, மகரந்தத்தாள் எத்தனை, அவை எத்தனை வகை என்று எண்ணச் சொல்லுங்கள். இலையின் பின்பக்கத்தையும் ஒன்று வரையட்டும். ஓரத்தில் நிறத்தைச் சொல்லால் எழுதட்டும். இடமும் தேதியும் வேண்டும். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே, மாற்றாமல் எழுதட்டும். இன்னொரு கிளையைப் பழைய செய்தித்தாளுக்குள் வைத்துப் பாரம் ஏற்றி உலர்த்தினால் படத்துக்குச் சான்றும் கிடைத்துவிடும். இனம் தெரியாததைக் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் உலர்தாவரப் பிரிவில் கேட்கலாம். வரைந்த பிள்ளையின் முழுப்பெயரைத் தாளின் அடியில் எழுத மறக்காதீர்கள்.